அது வேற கேஸ், அக்கா

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வக்கீலின் முன்னறையில் இருந்தவர்கள்: வக்கீல். அவளுடைய தம்பி, தனியார் வங்கி ஒன்றில் கடன் பிரிவு அதிகாரி, லஞ்ச வழக்கில் முதல் குற்றவாளி; வேறு ஆள் இல்லாததால் கடைசிக் குற்றவாளியும் அவனே. தம்பியின் மனைவி. அவளைப் பெற்றவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர், கூப்பிடாமலே வந்தவர். தம்பியின் கிளை மேனேஜர், 'நான் வந்தது யாருக்கும் தெரியக் கூடாது' என்று சொல்லிவிட்டுத் தெருவே பார்க்கும்படி வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தவர்.

இன்னொருவரையும் சேர்க்க வேண்டும். வக்கீலின் கணவர். அச்சகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். நடுவே ஒரு பிளைவுட் கதவு, அவ்வளவுதான். அந்த வீட்டில் பகல் பொழுதில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. மிக்ஸி ஓடாது. பாத்திரத்தைத் துணி விரித்துத்தான் வைப்பார்கள். கட்சிக்காரர்கள்கூட முதல் தடவை வரும்போதே கற்றுக்கொண்டு, கொலை வழக்கையும் குசுகுசுவென்றுதான் சொல்வார்கள்.

அதனால் அன்றைக்கு நடந்த சண்டை பெரும்பாலும் கிசுகிசுப்பாகவே நடந்தது.

"நீ மனுவுல கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது," என்றான் தம்பி. "நாளைக்குக் காலைல கோர்ட் திறந்ததும் தாக்கல் பண்ணிடலாம். இல்லன்னா லஞ்ச ஒழிப்புக்காரனுங்க என்னைத் தூக்கிடுவாங்க அக்கா. நேத்தே ஒருத்தன் வீட்டுக்கு எதிர்ல வண்டியில உக்காந்துக்கிட்டு இருந்தான்."

"அது பக்கத்து வீட்டு மாப்பிள்ளைங்க," என்றாள் அவன் மனைவி.

"நீ சும்மா இரு."

வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு மேசைமேல் இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து வக்கீல் அதை எழுதியிருந்தாள். நல்ல மனு. அதைச் சொல்ல அவளுக்கே கூச்சம் இல்லை. லஞ்சச் சட்டம் 'பொது ஊழியர்' மீதுதான் பாயும். தனியார் வங்கி அதிகாரி பொது ஊழியரா? அவனுக்குச் சம்பளம் தருவது பங்குதாரர்கள். அவனை வேலைக்கு எடுத்ததும் நீக்கக்கூடியதும் ஒரு கம்பெனி. அரசாங்கம் வங்கிக்கு உரிமம் தருகிறது என்பதற்காக அங்கே வேலை பார்ப்பவனெல்லாம் பொது ஊழியர் ஆகிவிட முடியாது. அப்படிப் பார்த்தால் உரிமம் வாங்கி மருந்துக்கடை வைத்திருப்பவனும் பொது ஊழியர்தான். எதிர்த்தரப்புக்கும் பேச்சு உண்டு. ஊரார் போட்டுவைத்த சேமிப்பை வைத்துக்கொண்டு யாருக்குக் கடன், யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பது பொதுக் கடமை இல்லாமல் வேறென்ன என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியும் நியாயமானதுதான். இரண்டு பக்கமும் வாதாட இடமுள்ள விஷயம் என்பதால்தான் அவள் ஒத்துக்கொண்டாள். முன்பொரு தடவை ஒரு கூட்டுறவுச் சங்க எழுத்தருக்காக இதே வாதத்தை வைத்து ஜெயித்திருக்கிறாள். தம்பி அவளைத் தேடி வந்ததற்கு அதுதான் காரணம். பாசத்தில் வந்ததாக அவள் நினைத்துக்கொள்ளவில்லை. போன வருஷம் அவள் கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டபோது அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் செய்தது என்ன என்பதிலும் அவளுக்குக் குழப்பம் இல்லை. ஒரு வெல்டிங் பட்டறைக்காரர், தகடு வளைக்கிற மெஷின் வாங்கக் கடன் கேட்டு வந்தார். தம்பி அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தான். வாசலுக்குக் கேட் கேட்டான், செய்து கொடுத்தார். ஜன்னல் கிரில் கேட்டான், கொடுத்தார். மாடிப்படிக்குக் கைப்பிடி, அதையும் கொடுத்தார். மாடிக்குத் தகர ஷெட் கேட்டபோது, முதலில் கடனைக் கொடுங்கள் என்றார். அங்கேதான் தகராறு. கடன் விண்ணப்பம் மேசையிலேயே படுத்துக்கொண்டது. பட்டறைக்காரர் கடைசியில் லஞ்ச ஒழிப்புக்குப் போய்விட்டார்.

செய்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் செய்தவனுக்கும் வக்கீல் வேண்டும். இருபது வருஷமாக அவள் அதை நம்பித்தான் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கிரில்லும் கேட்டும் லஞ்சமாகுமா?" என்றார் மாமனார். பள்ளி ஆய்வாளராக இருந்தவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கிசுகிசுத்தாலும் வகுப்புக்கே கேட்கும். "காசு கைமாறலையே. ஏதோ பழக்கத்துக்குச் செஞ்சான்."

"சட்டத்துல காசுன்னு மட்டும் சொல்லல மாமா. எந்த ஆதாயமா இருந்தாலும் லஞ்சம்தான்."

"அப்போ எனக்கு ஸ்கூல்ல சால்வை போட்டாங்களே, அது?"

"எத்தனை சால்வை?"

மாமனார் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் இருமினார். வாயைக் கையால் மூடிக்கொண்டு, உள்ளறைக் கதவைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டினார். "மேடம், பேங்க் தரப்புல எங்களுக்கும் இதான் வேணும். எங்க ஸ்டாஃப் பொது ஊழியர் கிடையாதுன்னு ஒரு தீர்ப்பு வந்துட்டா மத்தவங்களுக்கும் நிம்மதி. அப்புறம் அந்தப் பட்டறைக்காரனைப் பத்திக் கவலையே வேணாம். அவன் பேச்சு கோர்ட்ல எடுபடாது. புதன்கிழமை தீர்ப்பு, அவனே ஜெயிலுக்குப் போகப் போறவன்."

"எதுக்கு?"

"அவன் மேல கேஸ் இருக்கே மேடம். சார் சொல்லலையா?"

"மேசையை உடைச்ச கேஸா? அது சாதாரண அடிதடின்னுதானே சொன்னே?" வக்கீல் தம்பியைப் பார்த்தாள்.

"அதான். அதேதான்," என்றான் தம்பி. போனை எடுத்து, அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பார்த்தான்.

"மேசை எங்க உடைஞ்சுது!" மேனேஜருக்குத் தன் கிளையின் மேசைமீது மரியாதை இருந்தது. "தேக்கு மேடம். அவன் கையால ஒரு தட்டு தட்டினான், கத்தினான், அவ்வளவுதான். ஆனா விட்டுட முடியுமா? நாளைக்கு எல்லாரும் வந்து தட்டுவாங்க. போலீஸ்ல குடுத்தோம். பதினஞ்சு நாள் உள்ள வெச்சாங்க. சாரே நேர்ல போய்ச் சாட்சி சொன்னாரு. பிரமாதமா சொன்னாரு."

"எந்தக் குற்றத்துக்குக் கேஸ்?"

"நம்ம எல்லா கிளையிலயும் போர்டு மாட்டியிருக்கோமே மேடம். பொது ஊழியரைப் பணி செய்ய விடாமல்…"

அவர் அங்கேயே நின்றுவிட்டார். வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

சுவர்க் கடிகாரம் ஒன்று அந்த அறையில் இருந்தது. சத்தம் வருகிறது என்று அதையும் எப்போதோ நிறுத்திவைத்திருந்தார்கள்.

வக்கீல் பேனாவை மூடினாள். "நீ கூண்டுல ஏறி நின்னு, சத்தியம் பண்ணி, நான் பொது ஊழியர்னு சொன்னியா?"

"அக்கா, அது வேற கேஸ்."

"சொன்னியா, இல்லையா?"

"அவங்க வக்கீல் கேட்டான், ஆமான்னேன். எல்லா பேங்க்காரனும் அப்படித்தான் சொல்றான். அது ஸ்டாஃப் பாதுகாப்புக்கு. இது வேற. சட்டம் வேற, பிரிவு வேற, கோர்ட்டே வேற. நீதானே சொல்வே, ஒவ்வொரு சட்டத்துலயும் ஒரு வார்த்தைக்கு ஒவ்வொரு அர்த்தம்னு?"

சொல்லியிருக்கிறாள். அதுவும் உண்மைதான். அதையே வாதமாக வைத்து எந்த நீதிபதி முன்னாலும் அரைமணி நேரம் நிற்க அவளால் முடியும். தன் வாயில் பழகின வாக்கியம் தம்பியின் வாயிலிருந்து வந்தபோது அவள் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அர்த்தம் வேறயா இருக்கலாம்டா. ஆள் நீ ஒருத்தன்தானே? ஒருத்தன் மேசையைத் தட்டினா அந்த நிமிஷமே நீ பொது ஊழியன். வாசல் கேட், கிரில், கைப்பிடின்னு வாங்கினா நீ தனியார். திட்டு விழுந்தா சர்க்கார் ஆளு, பொருள் விழுந்தா கம்பெனி ஆளு. அதே நாற்காலி, அதே ஃபைல், எதிர்ல நிக்கிறவனும் அதே பட்டறைக்காரன். அவனை இந்தப் பக்கத்துல இருந்தும் அடிப்பே, அந்தப் பக்கத்துல இருந்தும் அடிப்பே. இல்லையா?"

"மெதுவா," என்றாள் தம்பி மனைவி, உள்ளறையைக் காட்டி.

வக்கீல் குரலைக் கீழே இழுத்தாள். அது லேசாக இல்லை.

"சரி. ஒரு வழி சொல்றேன், கேட்டுக்கோ. இந்த மனுவுல நான் கையெழுத்துப் போடணும்னா, நீ அங்கயும் போய் இதையே சொல்லணும். நான் பொது ஊழியர் கிடையாது, தெரியாமச் சொல்லிட்டேன்னு எழுதிக் குடு. அந்தாள் மேல இருக்கற கேஸ் விழட்டும். நீயும் தப்பிச்சுக்கோ, அவரும் தப்பிச்சுக்கட்டும். எனக்கு அது போதும்."

தம்பி யோசித்தான். அவன் யோசிப்பதை அவளால் படிக்க முடிந்தது. சின்ன வயதில் யாருடைய பென்சிலை எடுத்து மாட்டிக்கொண்டாலும் இதே மாதிரி ஒரு பக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொள்வான்.

"செய்யலாம்," என்றான்.

"அது எப்படி சார்?" மேனேஜர் எழுந்தேவிட்டார். "கம்ப்ளைண்ட் பேங்க் பேர்ல இருக்கு. நீங்க இப்போ மாத்திச் சொன்னா அது பொய்ச்சாட்சி. உங்களுக்கும் ஆபத்து, எங்களுக்கும் ஆபத்து. அந்தப் போர்டு எல்லாக் கிளையிலயும் தொங்குது. அதை நம்பித்தான் நாங்க கவுண்டர்ல உக்காந்திருக்கோம். தலைமை அலுவலகம் ஒருநாளும் விடாது."

"அப்போ லஞ்சக் கேஸ்லயும் அந்தப் போர்டையே மாட்டிக்குங்க," என்றாள் வக்கீல்.

"மேடம், நீங்க கோவத்துல பேசுறீங்க."

"ஆமா."

மாமனார் மறுபடி நுழைந்தார். "ஏம்மா, சொந்தத் தம்பி. அவனுக்கு வேலை போனா இவ எங்க போவா? ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நீ ஏதோ ஊர்பேர் தெரியாத வெல்டிங்காரனுக்காக நியாயம் பேசிக்கிட்டு இருக்கே."

"அவருக்கு எத்தனை பிள்ளைங்கன்னு தெரியுமா மாமா?"

"எனக்கெதுக்கு அது?"

"எனக்குத் தெரியும் அண்ணி," என்றாள் தம்பி மனைவி. சண்டையை எப்படியாவது ஆற்ற வேண்டும் என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள். அவள் கெட்டவள் இல்லை. யாராவது முகத்தைச் சுளித்தால் உடனே எதையாவது எடுத்து நீட்டுகிற குணம். "ஒரே பையன். சின்னவன். அவங்களை நாங்க ஒண்ணும் மோசமா நடத்தல அண்ணி. இவர் எப்படியோ, நான் மனுஷங்களை மனுஷங்களாத்தான் பார்ப்பேன். ஷெட் போட வந்தப்போகூட அந்தம்மாவுக்கு நான் என் கையால சாப்பாடு போட்டேன். வெயில்ல தகரத்தைத் தூக்கித் தூக்கிக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க, பாவமா இருந்துச்சு. கையெல்லாம் கிழிஞ்சு போச்சு. நான்தான் மருந்து போட்டுவிட்டேன்."

"எந்தம்மா?"

"பட்டறைக்காரர் சம்சாரம்தான். பட்டறையில வேலை செய்யற ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க."

"ஷெட் போடலைன்னுதானே சொன்னே?" வக்கீல் தம்பியிடம் கேட்டாள். "ஷெட்டுலதானே தகராறே?"

தம்பி மறுபடி போனை எடுத்தான்.

"ஷெட் இருக்கு அண்ணி. துணி காயப்போடறோமே. நீங்கதான் மாடிக்கு வந்ததில்ல."

"பட்டறைக்காரர் வரலையா? அவர் ஏன் வரல?"

தம்பி மனைவி வாயைத் திறந்து, கணவனைப் பார்த்து, மூடிக்கொண்டாள். கொஞ்சம் தாமதமாகத்தான் அவளுக்குப் புரிந்தது. ஒரு விதத்தில் அவளுக்கே அப்போதுதான் முதல் தடவையாகப் புரிந்திருக்கும்.

வக்கீல் அவனிடம் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"அவர் ஜெயில்ல இருந்தார். நீ உள்ள தள்ளின அந்தப் பதினஞ்சு நாள். அப்போ அந்தப் பொம்பளை உன்கிட்ட வந்து கெஞ்சியிருக்கா. நீ என்ன சொன்னே?"

"அக்கா…"

"என்ன சொன்னே?"

"ஷெட்டை முடிச்சுக் குடுங்க, கம்ப்ளைண்டை வாபஸ் வாங்கலாம்னு சொன்னேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். அவங்களா வந்து போட்டாங்க. நான் கட்டாயப்படுத்தல."

"வாபஸ் வாங்கினியா?"

மேனேஜர் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்.

"வாங்க விடல பேங்க்ல. நான் என்ன பண்ணட்டும்? கேட்டுப் பார்த்தேன்."

"எங்கிட்ட யாரும் கேட்கல சார்," என்றார் மேனேஜர் வாசலில் நின்று. அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். ஒரு கால் செருப்பை மாட்டாமலே இழுத்துக்கொண்டு படியிறங்கினார். வண்டி கிளம்புகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

அதற்கப்புறம் வக்கீல் கத்தினாள்.

அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து பகலில் அவள் கத்தினதில்லை. கோர்ட்டில்கூட அவள் கத்துகிற ஆள் இல்லை. ஒரு சொல்லைத் தராசில் வைத்து அடுத்த சொல்லை எடுப்பவள். இப்போது எல்லாம் ஒன்றாக வந்தது. வெட்கம் கெட்டவனே என்றாள். புருஷனைக் கூண்டில் அடைத்துவிட்டுப் பொண்டாட்டி கையால் கூரை போட்டுக்கொண்டவனே என்றாள். அந்தக் கூரைக்குக் கீழேதானே உன் பெண்களின் பாவாடை காய்கிறது, அதைப் போட்டுக்கொண்டுதானே அவர்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றாள். மூன்று நாள் உட்கார்ந்து உனக்காக நான் புத்தகம் புரட்டினேனே, என் கண்ணைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றாள். மேசையைத் தட்டினாள். அது தேக்கு இல்லை. ஆடியது.

உள்ளறைக் கதவு திறந்தது. வக்கீலின் கணவர் லுங்கியைச் சரிசெய்துகொண்டு நின்றார். கன்னத்தில் தலையணைக் கோடு. விரல் நகங்களில் அச்சு மை.

"யார் கத்தினது?"

"நான்தான்," என்றாள்.

"சரி." சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்.

"அத்தான்! நீங்களாவது சொல்லுங்க," தம்பி எழுந்து பின்னாலேயே போனான். "அக்கா என்னைக் கைவிடறா. சட்டப்படி என் பக்கம் பாயின்ட் இருக்கு. அவளே எழுதியிருக்கா, பாருங்க."

"எனக்குச் சட்டம் தெரியாதுப்பா. நான் காலண்டர் அடிக்கிறவன்." டம்ளரைக் கவிழ்த்தார், துணி விரிக்காமல். "அவ கத்தற மாதிரி என்ன பண்ணினே?"

தம்பி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் மாமனார் ஏதோ சொல்ல வந்தார். மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கப்பா, போகலாம்." அழுதுகொண்டே, "நான் அந்தம்மாவுக்குச் சாப்பாடு போட்டேன் அண்ணி, நெஜமாவே போட்டேன்," என்றாள். அப்பாவும் மகளும் இறங்கிப் போனார்கள். தம்பி போகவில்லை.

வக்கீல் அவன் கையெழுத்துப் போட்டிருந்த வக்காலத்துத் தாளை எடுத்து அவன் மடியில் வைத்தாள். "வேற ஆளைப் பாரு."

"ஞாயித்துக்கிழமை நான் யாரைப் பார்ப்பேன்? யாரும் இப்படி எழுத மாட்டாங்க."

"மனுவையும் எடுத்துட்டுப் போ. என் பேரை அடிச்சுட்டு யார்கிட்ட வேணா குடு. வாதம் நல்ல வாதம்தான். ஜெயிச்சாலும் ஜெயிப்பே."

ஜெயிக்கக்கூடும். நாளைக்கே யாரோ ஒருவன் அந்தத் தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு நீதிபதி முன்னால் நிற்பான். அவள் தேடித்தேடி அடுக்கிவைத்த ஒவ்வொரு வரியும் அவன் வாயால் வரும். புதன்கிழமை வேறொரு கோர்ட்டில் பட்டறைக்காரருக்குத் தண்டனையும் ஆகலாம். இரண்டு நீதிபதிகளும் அவரவர் சட்டத்தைச் சரியாகப் படித்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள்.

"நீ போய் அவனுங்ககிட்ட சொல்லிடுவியா?" தம்பி கேட்டான். "ஷெட் விஷயத்தை?"

"சொல்ல முடியாது. வக்கீல்கிட்ட சொன்னதை வக்கீல் வெளியில சொல்லக் கூடாது. அந்தத் தைரியத்துலதானே உக்காந்திருக்கே?"

அவன் முகத்தில் ஒரு நிம்மதி ஓடியது. அதை மறைக்கக்கூட அவன் மெனக்கெடவில்லை.

"அப்போ ஒண்ணு மட்டும் பண்ணு. ரெண்டு நாள் இங்க இருந்துக்கறேன். வீட்டுக்குத்தான் தேடி வருவாங்க. பின்கட்டுல அந்தச் சின்ன ரூம் சும்மாதானே கிடக்கு. செவ்வாய்க்கிழமைக்குள்ள வேற வக்கீலைப் பிடிச்சுடுவேன். அக்கான்னுதான் கேட்கறேன். வக்கீல்னு கேட்கல."

"இப்போ நான் அக்காவா?"

"எப்பவுமே அக்காதானே?"

"கையெழுத்து வேணும்னா வக்கீல். கதவு வேணும்னா அக்கா. நீ மாறவே மாட்டே."

"கொஞ்சம் மனசு வை. என்னை விலங்கு போட்டுக் கூட்டிட்டுப் போனா பொண்ணுங்க பார்ப்பாங்க."

அது ஒன்றுதான் அன்றைக்கு அவன் சொன்னதில் அவளைத் தொட்டது. பெரியவளுக்குப் பதினொன்று. நகம் கடிக்கிற பழக்கம். வக்கீல் ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தாள். பட்டறைக்காரரின் ஒரே பையன் எங்கே நின்று பார்த்தானோ தெரியாது. வீட்டு வாசலிலா, பட்டறையிலா, பள்ளிக்கூடத்துக்கே வந்து யாராவது சொன்னார்களா. அவள் அதைக் கேட்டால் தம்பிக்குத் தெரிந்திருக்காது. கேட்கவில்லை.

"எழுந்திரு," என்றாள்.

"அக்கா."

"எழுந்திருன்னு சொன்னேன்."

அவன் அத்தானைப் பார்த்தான். அத்தான் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு, அவனுடைய செருப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணால் காட்டினார்.

அவன் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். படியில் நின்று திரும்பினான். இந்தத் தடவை அவன் முகத்தில் கெஞ்சல் இல்லை. நல்ல கோபம். "உன்னால என் குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். ஞாபகம் வெச்சுக்கோ. அம்மா இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமா?"

"அம்மா இருந்திருந்தா உனக்கு ரெண்டு நாள் சாப்பாடு போட்டிருப்பா," என்றாள் வக்கீல். "அதனாலதான் நீ இப்படி இருக்கே."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாளைப் போட்டாள், கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு சாவியை நுழைத்து, வெளியே நிற்பவனுக்குக் கேட்கும்படி, இரண்டு சுற்று திருப்பினாள்.